கட்டாத மாட்டை அவிழ்க்க முடியாது: 142 நாள் பருவத்துக்கு வராத ஒரு கறவைப் பசு

மாட்டை விற்றுவிடலாமா என்று கேட்கத்தான் அந்த அம்மா என்னை அழைத்திருந்தார். சேலம் மாவட்டத்தில் ஆத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். கொட்டகையில் இரண்டு மாடுகள். பேச்சு, ஓரமாகக் கட்டியிருந்த சிவலை நிற ஜெர்சிக் கலப்பினப் பசுவைப் பற்றியது. மூன்றாவது ஈத்து, கன்று ஈன்று 142 நாள் ஆகியிருந்தது. ஈன்ற இரண்டாம் மாதத்தில் நாளுக்கு 14 லிட்டர் கறந்த மாடு, இப்போது 8 லிட்டருக்கு இறங்கிவிட்டது. இத்தனை நாளில் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. வியாபாரி வந்து 22,000 ரூபாய்க்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். சினையாக நின்றிருந்தால் அவ்வளவு குறைந்த விலைக்குக் கேட்கவே யாருக்கும் மனம் வந்திருக்காது.

"மலடாகிவிட்டதா தம்பி? ஆம் என்றால் ஆம் என்று சொல்லிவிடுங்கள், மனதைத் தேற்றிக்கொள்கிறேன்" என்றார்.

இந்தக் கேள்வியை மாதத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்கிறார்கள். மூன்று ஈத்து ஈன்ற பசு திடீரென்று மலடாவது அரிது. பெரும்பாலும், கருமுட்டை உருவாகும் சினைப்பை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்; நாம் வேறொன்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். இந்த மாட்டின் கதையை முழுவதுமாக எழுதுவதற்குக் காரணம், இதற்கு இரண்டு முறை போட்டுப் பலிக்காத அதே ஊசி, மூன்றாவது முறை பலித்தது என்பதுதான். மருந்து மாறவில்லை, அளவும் மாறவில்லை. மாறியது சினைப்பையின் நிலை.

முன்பு நடந்தவை

ஈன்ற 95ஆம் நாள் வாக்கில் ஒருவர் வந்து பார்த்து, புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி போட்டிருக்கிறார். மூன்று நாளில் பருவத்துக்கு வந்து கத்தும் என்று சொல்லியிருக்கிறார். கத்தவில்லை. 11 நாள் கழித்து அதே ஊசி மறுபடியும். அப்போதும் இல்லை. அதன் பிறகு வைட்டமின் ஊசி, கருப்பைக்குள் மருந்து விடுதல் என்று இரண்டு மூன்று செலவுகள். சீட்டுகளையெல்லாம் அந்த அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அதற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். எந்த நாளில் எந்த மருந்து என்பது தெரியாமல் இனப்பெருக்கக் கோளாறைப் பார்ப்பது, முன்பக்கம் கிழிந்த கணக்கு நோட்டை வைத்துக் கடனைத் தீர்ப்பது போன்றது.

கன்று ஈனும்போது சிரமம் இல்லை. நஞ்சுக்கொடி தானாகவே விழுந்திருக்கிறது. கருப்பையிலிருந்து சீழ் வடிந்ததாக நினைவில்லை. கன்றைக் காலையிலும் மாலையிலும் கறவைக்கு முன் ஊட்ட விட்டதோடு, மதியம் முழுவதும் தாயோடு விட்டிருந்தார். இதை அவர் போகிற போக்கில் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன்.

பரிசோதனை

மாடு மெலிந்திருந்தது. விலா எலும்புகளை எண்ண முடிந்தது. இடுப்பு எலும்பு முனைகள் துருத்தி, வாலடியின் இருபுறமும் குழி விழுந்திருந்தது. உடல் நிலை மதிப்பெண் 5க்கு 2.25 கொடுத்தேன்.

ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்ததில் கருப்பை இயல்பான அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் தளர்ந்து, விறைப்பே இல்லாமல் கிடந்தது. பருவத்தில் இருக்கும் மாட்டின் கருப்பை கை பட்டவுடன் விறைத்து எழும். அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் செய்யும் வேலை. இங்கே அந்த அறிகுறி இல்லை. சினைப்பைகள் இரண்டும் சிறியவை, வழவழப்பானவை. கையடக்க ஸ்கேன் கருவியில் வலது சினைப்பையில் 10 மில்லிமீட்டர் ஃபாலிக்கிள் ஒன்று தெரிந்தது (ஃபாலிக்கிள் என்பது கருமுட்டை வளரும் நீர்ப்பை). கார்பஸ் லூட்டியம் எனப்படும் மஞ்சள் திரட்டு எங்கேயும் இல்லை. வயிற்றில் கரு இல்லை என்பதையும் அப்போதே உறுதி செய்துகொண்டேன். புரோஸ்டாகிளாண்டின் போடப்போகும் எவரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை அது. சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும்.

அன்று ஊசி எதுவும் போடவில்லை. அந்த அம்மாவின் முகம் வாடியது. பத்து நாள் கழித்து வருகிறேன் என்றேன்.

பத்து நாள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பசுவின் பருவச் சுழற்சி சராசரி 21 நாள். முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் உருவாகி, சுமார் 5ஆம் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை கைக்கும் ஸ்கேனுக்கும் நன்றாகத் தெரியும். ஆகவே சுழற்சியில் இருக்கும் மாட்டைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால், ஒரு முறையாவது அது கண்ணில் பட்டே தீரும். இரண்டு முறையும் இல்லையென்றால், மாடு அமைதியாகப் பருவத்துக்கு வந்து நாம் தவறவிட்டோம் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. அது சுழற்சிக்குள்ளேயே நுழையவில்லை. கார்பஸ் லூட்டியம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவை இரத்தத்தில் பார்க்க வசதியில்லாத ஊரில் இந்த இரண்டு பயணங்கள்தான் என் ஆய்வகம்.

152ஆம் நாள் பார்த்தேன். வலது சினைப்பையில் இருந்த ஃபாலிக்கிளைக் காணவில்லை. இடதில் 11 மில்லிமீட்டரில் புதிதாக ஒன்று. கார்பஸ் லூட்டியம் இப்போதும் இல்லை.

சினைப்பை என்ன சொன்னது

சினைப்பை தூங்குகிறது என்று நம்மில் பலர் சொல்வது உண்டு. இந்த மாட்டின் சினைப்பை தூங்கவில்லை. பத்து நாளில் ஒரு ஃபாலிக்கிள் மறைந்து இன்னொன்று வளர்ந்திருக்கிறதே!

ஃபாலிக்கிள்கள் அலை அலையாக வளர்கின்றன. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் உயரும்போது ஒரு கூட்டமே கிளம்பும். அவற்றில் ஒன்று சுமார் 8.5 மில்லிமீட்டரை எட்டியதும் முந்திக்கொள்ளும், மற்றவை அழிந்துவிடும். இயல்பான ஒரு சுழற்சியில் இப்படி இரண்டு அல்லது மூன்று அலைகள். கன்று ஈன்ற இரண்டு வாரத்துக்குள் இந்த அலைகள் மெலிந்த மாட்டிலும் தொடங்கிவிடும், ஏனென்றால் எஃப்.எஸ்.ஹெச். தீவனக் குறையை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

தடை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. முந்திய ஃபாலிக்கிள் பழுத்து முட்டையை வெளியிட, அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான எல்.ஹெச். கிட்டத்தட்ட மணிக்கு ஒரு துடிப்பாக வரவேண்டும். அந்தத் துடிப்பை மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸ், ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோன் மூலம் ஏவுகிறது. பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன மூலக்கூறு. அதன் அமைப்பைக் கண்டறிந்தது உள்ளிட்ட மூளை ஹார்மோன் ஆய்வுகளுக்காக ஆண்ட்ரூ ஷாலிக்கும் ரோஜர் கியூமினுக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பசு தின்பதைவிடக் கறப்பது அதிகமாக இருக்கும்போது இந்தத் துடிப்பு தளர்கிறது. இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. அதன் தொடர்ச்சியாகக் கல்லீரலில் உருவாகும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைகிறது. அது குறைந்தால், வருகிற கொஞ்ச எல்.ஹெச்.சுக்கும் ஃபாலிக்கிள் சரியாகச் செவி கொடுக்காது. போதிய ஈஸ்ட்ரோஜன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகாவிட்டால் கத்தலும் இல்லை, கோழையும் இல்லை, முட்டை வெளியேறுவதும் இல்லை. ஃபாலிக்கிள் வாடிவிடும். அடுத்த அலை வரும், அதுவும் வாடும். 142 நாளாக இந்த மாட்டில் நடந்தது இதுதான்.

கன்று நாள் முழுதும் தாயின் மடியில் இருந்ததும் இதற்குத் துணை போயிருக்கிறது. கன்று ஊட்டுவதால் தாயின் மூளையில் ஏற்படும் மாற்றங்களும் அதே எல்.ஹெச். துடிப்பைத்தான் அடக்குகின்றன.

இனி, முன்பு போட்ட ஊசியைப் பாருங்கள். மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவருவதில் புரோஸ்டாகிளாண்டின் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: கார்பஸ் லூட்டியத்தைக் கரைப்பது. இயற்கையில் சுழற்சியின் 16, 17ஆம் நாளில், கரு தங்கவில்லை என்று தெரிந்தவுடன், கருப்பையே இதைச் சுரக்கிறது. கருப்பைச் சிரையின் மேல் சினைப்பைத் தமனி கொடிபோலச் சுற்றிக் கிடக்கிறது. அந்த ஒட்டுறவின் வழியாக ஹார்மோன் நேராகச் சினைப்பைக்குத் தாவிவிடும். நுரையீரலைச் சுற்றி வந்தால் அதன் பெரும்பகுதி வழியிலேயே அழிந்துபோகும் என்பதால் உடல் கண்டுபிடித்த குறுக்கு வழி இது. நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீராது. கார்பஸ் லூட்டியம் கரைந்ததும் புரோஜெஸ்டிரோன் இறங்கும், காத்திருக்கும் ஃபாலிக்கிள் பழுக்கும், மாடு பருவத்துக்கு வரும்.

ஆனால் இந்த மாட்டில் கரைப்பதற்கு எதுவும் இல்லை. கட்டாத மாட்டை எப்படி அவிழ்ப்பது? கையுறை போட்டு ஒரு நிமிடம் சினைப்பையைத் தடவிப் பார்த்திருந்தால் அந்த இரண்டு ஊசிகளும் மிச்சமாகியிருக்கும். நம் பகுதியில் மிக அதிகமாக வீணாகும் ஹார்மோன் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தீவனம்

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த பகுதி. ஆலைக் கழிவான திப்பி மலிவாகக் கிடைக்கிறது. அந்த அம்மா காலையும் மாலையும் ஒரு கூடை ஈரத் திப்பி, வைக்கோல், நாளுக்கு 2 கிலோ பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கொடுத்து வந்தார். கூடை நிறைந்திருப்பதைப் பார்த்தால் மாடு வயிறாரத் தின்பதுபோலத் தோன்றும். ஈரத் திப்பியில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சத்தில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. தாது உப்பு வாங்கியதே இல்லை. 14 லிட்டர் கறக்கும்போது இந்த மாடு தன் உடலைக் கரைத்துத்தான் பால் கொடுத்திருக்கிறது.

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதை, தான் உண்பதற்கு முன் மாட்டுக்கு வைப்பவர் அவர்.

உடலைக் காக்க ஒன்றரைக் கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை முதல் மூன்று லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது அடர்தீவனத்துக்கு நாங்கள் சொல்லும் எளிய கணக்கு. 8 லிட்டருக்கு நாலரைக் கிலோ. திப்பியைக் காயவைத்து அளவாக்கி, மக்காச்சோள மாவு, கடலைப் பிண்ணாக்கு, தவிடு சேர்த்து அந்த நாலரைக் கிலோவை அமைத்தோம். தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம். பக்கத்து வயலில் கோ 4 கம்பு நேப்பியர் இருந்தது. பாலுக்குப் பதிலாகப் புல் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். குடற்புழு நீக்கம் செய்தேன். கன்றைக் கறவை நேரத்தில் மட்டும் விடச் சொன்னேன். இதைச் சொன்னபோது மட்டும் அவருக்கு வருத்தம். கன்றுக்கு அப்போது நான்கரை மாதம். அடர்தீவனம் தின்னும் வயது என்று விளக்கினேன்.

நான் முதலில் போன நாளே தொடங்கிய இந்த மாற்றம் ஐந்து வாரம் நீடித்தது. இரண்டாம் வாரத்தில் பால் ஒரு லிட்டர் ஏறியது. "ஊசி எப்போது தம்பி?" என்று மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். அந்தக் காத்திருப்பின்போதுதான் பல மாடுகள் வியாபாரி கைக்குப் போகின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் நேரம் எடுத்துப் பேசினேன்.

ஹார்மோன்

176ஆம் நாள் மாட்டின் உடல் நிலை 2.75க்கு வந்திருந்தது. இடது சினைப்பையில் 13 மில்லிமீட்டர் ஃபாலிக்கிள். கார்பஸ் லூட்டியம் இன்னும் இல்லை. ஆனால் இப்போது ஹார்மோனைப் பயன்படுத்த ஓர் அடித்தளம் இருந்தது.

முட்டை வெளியேறும் நேரத்தையே முன்கூட்டி அமைத்து, பருவ அறிகுறியைப் பார்க்காமல் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் மூவரும் 1995இல் வெளியிட்டது; ஓவ்சிங்க் என்று பெயர். அங்குள்ள ஹோல்ஸ்டீன் பசுக்களின் சிக்கல் நம்முடையதற்கு நேர் எதிரானது. அவை மலைபோலத் தின்று குடம் குடமாகக் கறப்பவை. தீவனம் மிகுந்து கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் கூடி, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் விரைவில் கழிந்துவிடும். பருவ அறிகுறி சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கண்ணில் படாது. அதற்குக் கண்ட வழி இது. நம் கொட்டகையில் பசியால் நின்றுபோன சினைப்பைக்கு இதை அப்படியே எடுத்துப் போட்டால் பலன் குறைவு. புரோஜெஸ்டிரோன் படியாத மூளை, ஈஸ்ட்ரோஜன் வந்தாலும் பருவ நடத்தையைக் காட்டாது. முதல் முட்டைக்குப் பின் உருவாகும் கார்பஸ் லூட்டியமும் பல நேரம் பத்து நாளுக்குள் கரைந்துவிடும். ஈன்ற மாட்டின் முதல் பருவம் பெரும்பாலும் ஓசையின்றிக் கழிவதும் மூளையில் புரோஜெஸ்டிரோன் படியாததால்தான். எனவே ஓவ்சிங்க்குடன் புரோஜெஸ்டிரோன் கசியும் சாதனத்தையும் சேர்த்தேன்.

திங்கள்கிழமை காலை 8 மணிக்கு ஜி.என்.ஆர்.ஹெச். வகையைச் சேர்ந்த புசெரலின் 10 மைக்ரோகிராம் தசையில், யோனிக்குள் சாதனம். ஏழு நாள் கழித்து, அடுத்த திங்கள் காலை 8 மணிக்கு ஸ்கேன். அந்தக் காட்சியை மறக்க மாட்டேன். இடது சினைப்பையில் 18 மில்லிமீட்டர் கார்பஸ் லூட்டியம். முதல் ஊசிக்கு அந்த ஃபாலிக்கிள் முட்டையை வெளியிட்டிருக்கிறது. ஆறு மாதத்தில் அந்தச் சினைப்பையில் உருவான முதல் மஞ்சள் திரட்டு! வலதில் புது அலையின் 12 மில்லிமீட்டர் ஃபாலிக்கிள் காத்திருந்தது.

சாதனத்தை வெளியே எடுத்துவிட்டு, குளோப்ரோஸ்டினால் 500 மைக்ரோகிராம் போட்டேன். முன்பு இரண்டு முறை தோற்ற அதே புரோஸ்டாகிளாண்டின் வகைதான். இந்த முறை அதற்கு வேலை இருந்தது. வீட்டு மருமகள் கருவுற்றிருந்தார். குப்பியைத் தொடவேண்டாம் என்று அவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். இந்த மருந்து தோல் வழியாகவே உடலில் ஏறக்கூடியது. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் கையாளக் கூடாது.

56 மணி நேரம் கழித்து, புதன் மாலை 4 மணிக்கு இரண்டாவது புசெரலின். அன்று இரவு மாடு கத்தியது. அந்த அம்மா பத்தரை மணிக்கு அழைத்து, தொலைபேசியை மாட்டின் பக்கம் பிடித்துக் கேட்க வைத்தார். வியாழன் காலை 8 மணிக்குப் போனபோது பின்புறம் கண்ணாடிக் கயிறுபோலக் கோழை தொங்கியது. கருப்பை கைக்குள் விறைத்து எழுந்தது. உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, சினை ஊசி போட்டேன்.

விளைவு

சினை பிடிக்கவில்லை.

22ஆம் நாள் மாடு மறுபடியும் பருவத்துக்கு வந்தது. அந்த அம்மா உடைந்துபோய்ப் பேசினார். நான் மகிழ்ந்தேன், அதை அவரிடம் விளக்கவும் செய்தேன். ஊசியால் வரவழைத்த பருவம் அல்ல இது. மாடு தானாக வந்த பருவம். ஹைப்போதாலமஸ் துடிக்கிறது, எல்.ஹெச். வருகிறது, கருப்பை தன் புரோஸ்டாகிளாண்டினைத் தானே சுரந்து கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்திருக்கிறது. ஈன்ற நாளிலிருந்து நின்றிருந்த கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

முதல் முயற்சி தவறியதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. ஒரு கருமுட்டை வளர்ந்து வெளிவர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பசு மெலியும் காலத்தில் வளரத் தொடங்கிய முட்டை, பல வாரம் கழித்து வெளியேறும்போதும் அந்தக் குறையைச் சுமந்திருக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜாக் பிரிட் 1990களின் தொடக்கத்தில் ஒரு கருதுகோளை முன்வைத்தார். எல்லாரும் ஏற்றுக்கொண்டதல்ல, ஆனால் தீவனத்தை மாற்றி ஐந்து வாரத்தில் ஊசியைத் தொடங்கிய நான், இன்னும் மூன்று வாரம் பொறுத்திருக்கலாமோ என்று இப்போது எண்ணுகிறேன். அந்த வீட்டின் பொறுமை அதற்குமேல் தாங்கியிருக்காது என்பதும் உண்மை.

விடியற்காலை 3 மணிக்குக் கத்தத் தொடங்கியதாகச் சொன்னார். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை என்பது 1940களில் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் செய்த ஆய்விலிருந்து வந்த விதி; இன்றும் கைகொடுக்கிறது. பருவம் முடிந்து 10 முதல் 14 மணி நேரத்தில்தான் முட்டை வெளிவரும் என்பதால் அவசரப்பட்டால் பயனில்லை. அன்று மாலை 4 மணிக்குப் போட்டேன். ஹார்மோன் எதுவும் சேர்க்கவில்லை.

அடுத்த 21 நாளில் மாடு கத்தவில்லை. 35ஆம் நாள் ஸ்கேன் கருவியை எடுத்துப் போனேன். வலது கருப்பைக் கொம்பில் கருநிற நீர்ப்பை, அதற்குள் வெண்ணிறக் கரு, அதன் நடுவே மினுக்கும் இதயத் துடிப்பு. திரையை அந்த அம்மாவின் பக்கம் திருப்பினேன். சற்று நேரம் எதுவும் பேசாமல் பார்த்தார். பிறகு திரையைத் தொடாமல் விரலை மட்டும் அதன் அருகே கொண்டுபோய், "இதுவா?" என்று கேட்டார்.

60ஆம் நாள் கைவிட்டுப் பார்த்து மறுபடியும் உறுதி செய்தேன். ஈன்றதிலிருந்து சினைபிடிக்க 208 நாள் ஆகியிருக்கிறது. 100 நாளுக்குள் நடந்திருக்க வேண்டியது. இரண்டு ஈத்துக்கு இடையே 16 மாதம் விழும். மாடு மிஞ்சியது, ஆனால் மூன்றரை மாதப் பால் அந்த வீட்டுக்கு இழப்புதான்.

கடைசியாகப் போனபோது கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: சினை ஊசி போட்ட தேதி, அதற்கு நேரே கூட்டிப்போட்ட 280 நாள், கறவையை நிறுத்த வேண்டிய தேதி, தாது உப்புப் பொட்டலம் வாங்கிய நாட்கள். அதற்குக் கீழே இரண்டாவது மாட்டுக்கும் ஒரு வரிசை தொடங்கியிருந்தார். அது ஈன்று 41 நாள் ஆகியிருந்தது. "இதையும் இன்றே பார்த்துவிடுங்கள் தம்பி" என்றார். கையுறையை மாட்டிக்கொண்டேன்.